ஜன்னல் பக்கத்துக் கன்னம்

அவள் வேனை எடுத்தால் தெருவிலுள்ள வேகத்தடைகளெல்லாம் தாமாகவே படுத்துக்கொள்ளும். சரி, உப்பு கொஞ்சம் தூக்கல்தான், பாதியைக் கழித்துவிடுங்கள். ஆனால் பின்னால் தூங்கிவழியும் பள்ளிப் பிள்ளைகளில் ஒன்றுகூட அவள் போடும் பிரேக்கில் கண் விழித்ததில்லை. இது கலப்படமில்லாத உண்மை.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அரைநிலா. காரணம் முகத்திலேயே இருந்தது. வருஷக்கணக்காக வண்டி ஓட்டியதில் ஜன்னல் பக்கத்துக் கன்னத்தை வெயில் தின்றுவிட்டது. கருந்திட்டு, சுருக்கம், கண்ணோரத்தில் வரிவரியாகக் கோடு. மறு கன்னமோ நேற்றுக் கல்யாணமான பெண்ணுடையது மாதிரி மினுமினுக்கும். கொடுமை என்னவென்றால், ஊர் பார்ப்பது வெந்த கன்னத்தை. நல்ல கன்னத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்தது கியர் கம்பி மட்டும்.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு தாய் ஜன்னலோரம் நின்று, "பாட்டி, பையனைப் பாத்து எறக்கி விடுங்க" என்றாள். வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தபோது அதே வாய், "வரேங்க்கா" என்றது.

அன்று அரைநிலா கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். ஏதாவது செய்தே ஆகவேண்டும். ஆனால் வேன் முதலாளியின் மருமகன் அவளுடைய ஸ்டியரிங் மேலேயே கண்ணாக இருந்தான். "ஒரு வாரம் லீவு போடுங்கக்கா, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று பல்லைக் காட்டுவான். அவன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தால் சாவி திரும்பி வராது. முகமும் வேண்டும், வண்டியும் வேண்டும். அதுதான் சிக்கல்.

தங்கை அவளை முதலில் ஓர் அழகு நிலையத்துக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த பெண், "ஒரே சிட்டிங்தான் மேடம். பளிச்சுனு ஒரு லைட் அடிப்போம், மொத்தமும் போயிடும்" என்றாள். அரைநிலா சுவரிலிருந்த படங்களைப் பார்த்தாள். அத்தனையும் பால் நிற முகங்கள்.

"என் கலர்ல யாருக்காச்சும் அடிச்சிருக்கியாம்மா?"

"இல்ல மேடம். ஆனா எல்லாருக்கும் ஒரே மிஷின்தான்."

"அதாம்மா பயமா இருக்கு" என்று எழுந்துவிட்டாள்.

"வந்த எடத்துல மானத்த வாங்கறியேக்கா!" என்று தங்கை தலையிலடித்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு தோல் டாக்டரம்மா. அவர் அழகு நிலையக் கதையைக் கேட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு ஏதேதோ லேசர்களின் பெயரை அடுக்கினார். அரைநிலா கைகூப்பினாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர். இது டிங்கரிங்கா, பாலிஷா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு லேசர் மேல்தோலையே உரிச்சிடும். அது டிங்கரிங். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும். நம்ம மாதிரித் தோல்ல ஆறின எடம் கறுத்தும் போகலாம். நீங்க பாத்துட்டு வந்த லைட்டுக்கு, திட்டு எது, தோலோட சொந்த நெறம் எதுன்னு சரியாப் பிரிக்கத் தெரியாது, சூடு பட்டுடும். இன்னொரு லேசர் இருக்கு. மேல் நெறத்த அவ்வளவாத் தொடாம ஆழமாப் போகும். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவ. அதான் பாலிஷ்."

"பாலிஷே போதும்."

"மொதல்ல காதுக்குக் கீழ ஒரு பொட்டளவு போட்டுப் பாப்போம். ஆனா அந்தப் பக்கம் வெயில் படக்கூடாது. பட்டா இப்ப இருக்கறதவிட மோசமாயிடும். வண்டிய விட்டுடணும்."

அரைநிலா இடுப்பில் செருகியிருந்த வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வண்டிய விடணுமா, வெயில விடணுமா டாக்டர்?" என்று அரைநிலா நிதானமாகக் கேட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெயிலத்தான். ஆனா முழுசா விடணும்."

அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஏறியது. தலைக்கு முக்காடு, கைக்கு உறை, டிரிப்புக்கு டிரிப்பு சன்ஸ்கிரீன். காதுக்குக் கீழே போட்ட பொட்டு நன்றாக ஆறியதும், "அதான் சரியாயிடுச்சே, மொத்தமா அடிச்சிடச் சொல்லு" என்று தங்கை துள்ளினாள். "புது பிரேக்க மலையெறக்கத்துலயாடி சோதிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சொன்ன வேகத்திலேயே போனாள் அரைநிலா. மருமகன் தினமும் காலையில் வந்து ஓட்டுநர் இருக்கையை எட்டிப்பார்ப்பான், அவள் உட்கார்ந்திருப்பாள், அவன் பல் உள்ளே போய்விடும்.

மாதங்கள் போயின. ஒருநாள் அந்தப் புதுத் தாய் அதே ஜன்னலோரம் நின்று, "வரேங்க்கா" என்றாள். வெந்த கன்னம் பளிங்காகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைப் பௌர்ணமி என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

"பௌர்ணமியாவது, மண்ணாவது!" என்று இவ்வளவு நேரமும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கை குறுக்கே விழுந்தாள். "அந்தம்மா அக்கான்னது நெசம். ஆனா பளிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. திட்டு முக்கால்வாசி போச்சு, கண்ணோரக் கோடு அப்படியேதான் இருக்கு. சன்ஸ்கிரீன அப்பிக்கிட்டுப் போறா இல்ல, புள்ளைங்க இப்ப அவள சுண்ணாம்புன்னுதான் கூப்பிடுதுங்க. மருமகன் வேற வண்டிக்குப் போயிட்டான்."