இரண்டு முடிச்சு அளவுக்கு ஒரு பெட்டி

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். உள்ளே நீல விளக்கு எரிந்தால் அது நல்ல கம்ப்யூட்டர் என்று பதின்மூன்றாவது வயதில் மனதார நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நம்பிக்கையை மதித்து எங்கள் வீட்டில் என்னையே கடைக்கு அனுப்பி வைத்தார்கள்.

என் தகுதி என்ன என்று கேட்பீர்கள். ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் திரை வரவில்லை என்று சார் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கழன்று கிடந்த வயரை எடுத்துச் சொருகினேன். திரை வந்தது. அன்றிலிருந்து உசிலம்பட்டியில் எங்கள் தெருவுக்கு நான்தான் இன்ஜினியர். இப்போது ஒரு கல்லூரியில் லேப் உதவியாளனாக இருக்கிறேன். பதினாலு வருஷம் கழித்தும் அதே வேலைதான், கழன்றதைச் சொருகுவது. அது போக, செத்த கம்ப்யூட்டர்களைத் திறந்து, பவர் சப்ளையை மாற்றுவது. சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே இருக்கிற பாகங்களுக்குப் பக்குவமாகப் பங்கு பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டிக்குத்தான் அந்தப் பேர். ஒவ்வொரு முறை ஒன்றைக் கழற்றும்போதும் என் கை அதைத் தூக்கி எடை பார்க்கிறது. அலுத்துப் போன கைதான், ஆனாலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அந்த வருஷம் அக்கா கல்லூரியில் கடைசி வருஷம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யக் கற்றிருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் தாமரைப் பூவுக்குள் நிற்பது போலவும், பின்னால் அருவி கொட்டுவது போலவும் செய்வார்களே, அது. அவளுடைய தோழி ஒருத்தி அதே வேலைக்குக் கோயமுத்தூரில் ஓர் ஆல்பம் அச்சகத்தில் சேர்ந்திருந்தாள். போகிறபோது தன் பழைய மானிட்டரை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். அச்சகத்தில் இன்னும் ஓர் ஆள் தேவை. ஒரு கல்யாணத்தின் படங்களைத் தருவார்கள், பத்து நாளில் முழு ஆல்பம் செய்து காட்டினால் வேலை என்று சொல்லி அனுப்பினாள்.

அப்பா டவுன் பஸ் ஓட்டுபவர். பிரேக் போடுவதில் கெட்டிக்காரர். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை, செய்ததைப் பென்டிரைவில் அனுப்பினால் போதும் என்று அக்கா சொன்னதும் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். இதுதான் ஒப்பந்தம். எனக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கப் போகிற அன்று அக்காவுக்குப் பரீட்சை. எனவே மாமா போனார். துணைக்கு நிபுணன் நான். மாமா அம்மாவின் தம்பி, உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். கிளம்பும்போது அக்கா என்னிடம் ஒரு துண்டுச்சீட்டும், பூக்கட்டுகிற நூலில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துண்டும் தந்தாள். நூலில் இரண்டு முடிச்சு போட்டிருந்தது.

"முதல் முடிச்சு அகலம். ரெண்டாவது முடிச்சு உயரம். இதுக்கு மேல ஒரு விரக்கடை கூடப் போகக் கூடாது. சப்ளை மட்டும் நல்லதா பாத்து வாங்குடா. கரண்டு வந்து வந்து போகுது, மட்டமானது தாங்காது."

சீட்டிலும் அதையேதான் எழுதியிருந்தாள்: சின்னப் பெட்டி, நல்ல சப்ளை, மற்றது கடைக்காரர் சொல்கிறபடி. நூல் எதை அளந்தது என்று நான் கேட்கவில்லை. சுவர் அலமாரியின் தட்டை அளந்திருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நிபுணர்கள் கேள்வி கேட்பதில்லை.

கோரிப்பாளையத்தில் மாடியில் ஒரு கடை. கடைக்கார பாய் பெரிய பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மாமா அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். விலாவில் ரெண்டு தட்டு தட்டினார்.

"சுழி சுத்தமாத்தான் இருக்கு. என்ன மாப்ள, பிடிச்சிருவமா?"

நான் நூலை எடுத்துப் பெட்டிமேல் பிடித்தேன். பெட்டி முடிச்சைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருந்தது. பாய் அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். கடைசியில் மேல் அடுக்கிலிருந்து தூசி தட்டிக் குட்டிப் பெட்டி ஒன்றை இறக்கினார். கறுப்பு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பலகை. நூலை வைத்தால் இரண்டு முடிச்சுக்கும் உள்ளே அடக்கமாக உட்கார்ந்தது.

"இதான் தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பெட்டி சின்னதாச்சுன்னா உள்ள காத்துக்கு எடம் கம்மி, சூடு ஏறும். அதனால சப்ளைல கை வைக்காத."

சொல்லிவிட்டு இரண்டு சப்ளைகளை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். வலது கை சட்டென்று இறங்கியது. இடது கையில் ஏதோ பிஸ்கட் டப்பா வைத்தது போல இருந்தது.

"பாத்தியா? கனமா இருக்குறதுல உள்ள சரக்கு இருக்கு. கரண்டு ஏடாகூடமா வந்தா இது தன்ன நிறுத்திக்கும், மத்தத காப்பாத்தும். லேசா இருக்குறது தானும் போகும், கூட இருக்குறதையும் இழுத்துட்டுப் போகும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து மாமா விலை பேச இறங்கினார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மாமா தோளில் கிடந்த துண்டைப் பாயின் கைமேல் போட்டார். உள்ளே கையை விட்டு இரண்டு விரலைப் பிடித்தார்.

பாய் மிரண்டுவிட்டார். "என்னண்ணே பண்றீங்க?"

"பேசாம இருங்க பாய். வெலை பேசுறேன்."

"வாயால பேசுங்கண்ணே. எனக்கு இந்தப் பாஷை தெரியாது."

"வாயால பேசினா நாலு பேருக்குக் கேக்கும்ல?"

கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் துண்டுக்கடியில் ஏதோ ஒரு விரலை நீட்டினார். விலை படிந்தது. படிந்த விலைக்கு இரண்டு வழி இருந்தது. கனமான சப்ளை போட்டுச் சாதாரணப் பெட்டியாக எடுக்கலாம். அல்லது லேசான சப்ளை போட்டு, மிச்சத்துக்கு நீல விளக்கு எரிகிற விசிறி ஒன்றை முன்னால் மாட்டிக்கொள்ளலாம். பாய் அந்த விசிறியை எரியவிட்டுக் காட்டினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

மாமா என்னைப் பார்த்தார். "நீதேன் மாப்ள சொல்லணும். எனக்கு மாட்டத் தவிர ஒண்ணும் தெரியாது."

நான் யோசித்தேன். நீலம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாமாவுக்கு எப்போதோ ஒரு காளை உதைத்ததில் இடுப்பு சரியில்லை. ஆட்டோ பிடிக்கவும் மாட்டார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைச் சுமக்கப் போகிறவன் நான். வலது கையும் இடது கையும் இன்னும் ஞாபகம் வைத்திருந்தன.

"லேசானதே போதும் மாமா," என்றேன். பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்தார்.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் பக்கத்தில் கோயமுத்தூர் பஸ் நின்றது. அதன் கண்டக்டர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். நான் எங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தேன். அளந்து செய்தது போல மடியில் பொருந்தியது. முன் சீட்டில் இடிக்கவில்லை, பக்கத்து ஆளை உரசவில்லை. என் தேர்வை நானே மெச்சிக்கொண்டு செக்கானூரணி வரும்வரை அதன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நூலை வைத்து ஒருமுறை அளந்து பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பெட்டியை அலமாரியில் வைக்காமல் மேசைமேல் வைத்தாள். மேசையில் ஒரு கன்றுக்குட்டியே படுக்குமளவு இடம் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"சப்ளை நல்லதுதானடா?"

"கனம்னா கனம் அம்புட்டு கனம்க்கா. தூக்கிட்டு வந்து தோளே போச்சு," என்றேன்.

ஏழு நாள் அக்கா அதன் முன்னாலேயே கிடந்தாள். கரண்டு போகும், காத்திருப்பாள். வரும், விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். யாரோ முன்பின் தெரியாத ஒரு தம்பதி எங்கள் வீட்டுத் திரையில் தாலி கட்டி, மெட்டி போட்டு, வாழை மரத்தடியில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டில் டிவி, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் அம்மா உறை தைத்துப் போட்டிருந்தாள். பெட்டிக்கும் ஊதாப் பூப்போட்ட துணியில் ஒன்று தைத்தாள். அக்கா வேலை செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவாள்.

எட்டாம் நாள் காலை, பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து முடிக்கச் சொல்லி அதை ஓடவிட்டு, அக்கா தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனாள். "எதையும் தொடாதடா." நான் தொடவில்லை. தெருப் பையன்கள் நாலு பேர் நீல விளக்கைப் பார்க்க வந்திருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அது எடுபடவில்லை. "இம்புட்டுதானா? எங்க வீட்டு டார்ச்சே பரவால்ல," என்றான் ஒருவன். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அம்மாவின் உறையை எடுத்துப் பெட்டிமேல் போட்டேன். துணிக்குள் நீலம் பூவாகப் பரவியது. உறைக்குள் தலையை விட்டு ஒவ்வொருவனாகப் பார்த்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, ஒருவனுக்கு எண்ணிப் பத்து என்று நான்தான் எண்ணினேன்.

மூன்றாவது சுற்றில் கரண்டு போய் வந்தது. போனதைவிட வந்தது வேகமாக வந்தது. உறைக்குள் ஒரு சத்தம், சின்னச் சத்தம்தான். பிறகு முடி கருகுவது போல ஒரு வாடை. பையன்கள் ஓடிவிட்டார்கள். நான் உறையை எடுத்து மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

அக்கா குடத்தை இறக்கியவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைக்கக்கூட இல்லை. பொத்தானை நாலு முறை அமுக்கினாள். அப்புறம் திருகுகளைக் கழற்றி, சப்ளையை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கை இறங்கவே இல்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அன்றே அவள் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையம் போய் வந்தாள். பாய் சொன்னதுதான் நடந்திருந்தது. அது தானும் போய், ஆல்பம் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவிடம் அக்கா சொன்னது ஒரே வார்த்தை: "வோல்டேஜ்." அப்பா, "வீட்டுல இருந்து செய்யிற வேலதான ஆத்தா, மெதுவா செஞ்சுக்கலாம்," என்றார். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அச்சகத்தில் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அடி விழாததில் அளவில்லாத சந்தோஷம். அந்த வாரம் முழுக்க அக்கா சொல்லாமலே நான் அவளுக்காகக் கடைக்குப் போனேன். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தையில் கல்யாணம். ஆல்பம் வந்தபோது அக்கா வேகவேகமாகப் புரட்டினாள். அருவிக்கு நடுவில் அத்தான் நின்றிருந்தார். "தண்ணி இவரு காதுல இருந்து கொட்டுது," என்று சொல்லி மூடி வைத்தாள். அதற்கும் நான்தான் அதிகம் சிரித்தேன்.

அத்தானுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை. நல்ல மனிதர். அக்காவும் கடையில் உட்காருகிறாள். பூசணிக்காயைக் கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவாள், தராசு அதற்கப்புறம் ஒத்துக்கொள்ளும். போன வாரம் அவள் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்று போன் செய்தாள். ஏழாம் வகுப்பு. படம் வரைகிறாளாம். பெட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "எம்புட்டு பெரிசா இருந்தாலும் சரி, வீட்டுலதான கெடக்கப் போகுது. சப்ளை மட்டும் நீ எடுக்காத, நான் வந்து எடுக்குறேன்," என்றாள். பதினாலு வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் வழக்கம்போலச் சிரித்து வைத்தேன். பின்னால் கடையில் யாரோ தக்காளிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "அது சரிக்கா, அன்னைக்கி நூல் குடுத்து விட்டியே. அம்புட்டு பெரிய மேசை இருந்துச்சு, எதுக்கு அவ்வளவு சின்னப் பெட்டி?" என்று கேட்டேன்.

"கோயமுத்தூர் பஸ்ல மடியில வச்சிட்டுப் போகத்தான்," என்றாள்.