மூவாயிரம் மைல் கெடு

கண்ணாடிக்காரருக்குச் சுங்கச்சாவடிப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் எதிர்வரிசைச் சலூன்காரர். வாய் நின்றால் கத்தரியும் நின்றுவிடும் ரகம் அவர். ஆதாரம் இல்லாமலும் பேச மாட்டார். பெண்சாதி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸாகப் போனதிலிருந்து, கண்ணாடிக்காரர் ஞாயிறு தவறாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு, அந்தப் பாட்டன் காலத்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார். போதாததற்கு, பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இரண்டும் விரித்தே இருக்கின்றன.

"ஆள் ஏறாத சீட்டுக்குக் கால் வைக்க எடம் எதுக்குய்யா?" என்று அவர் கேட்டபோது நாற்காலியில் இருந்தவர்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் பேசுவார்கள்?

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் நடந்த கதை வேறு. அதைக் கேளுங்கள்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு மயிரிழை பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. வண்டி விஷயத்திலும் அப்படித்தான். கருவி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், நோயாளியின் கட்டில் காலில் தொங்கும் அட்டை மாதிரி, அவர் மனைவி கட்டம் போட்டு எழுதியிருந்தாள்: ஐந்நூறு மைல், செயினுக்கு எண்ணெய். ஆயிரத்தைந்நூறு, இன்ஜின் ஆயில். மூவாயிரம், பிளக், பாயிண்ட், டாப்பெட்.

மற்றதெல்லாம் அவர் வேலை. டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி பார்ப்பது, மட்டும் அவளுடையது. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து, உள்ளே நிற்கும் கம்பியை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. லென்ஸ் தேய்த்துக் காய்த்துப்போன அவர் விரலுக்கு அது பிடிபடவே இல்லை. அவளுடையது நாடி பார்த்த விரல். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு நூல் தளர்த்துங்க" என்பாள். சரியாக இருக்கும்.

வெளிநாட்டு நர்ஸ் வேலை அவள் இருபது வருடமாக ஆசைப்பட்டது. கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த டாப்பெட்டுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் அந்த மூடியை யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்."

கணக்கு சரிதான். கடைக்கும் சந்தைக்குமாக ஓட்டினால் மூவாயிரம் மைலுக்கு இரண்டு வருடம் ஆகும். அவள் ஒப்பந்தமும் இரண்டு வருடம்.

இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு ஒரு ஞாயிறு, செயினுக்கு எண்ணெய் விட்ட கையோடு, சும்மா சுங்கச்சாவடி வரைக்கும் போய்த் திரும்பினார். மீட்டரைப் பார்த்தால் அறுபது மைல் ஏறியிருந்தது. அவள் அறுபது மைல் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அன்று பிடித்த பைத்தியம்தான். போவார், சாவடியைத் தொடுவார், திரும்புவார். வாரா வாரம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்தார்.

பத்தாவது மாதம் டாப்பெட் தளர்ந்து இன்ஜின் தலையில் 'டிக் டிக்' சத்தம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கைத் தேடி ஓடியிருப்பார். இவர் சிரித்துக்கொண்டே போன் போட்டார்.

"ஏம்மா, மூவாயிரம் ஆயிடுச்சு."

"பத்து மாசத்துலயா? அவ்வளவு தூரம் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. போய்ட்டுப் போய்ட்டு வந்தேன்."

"நான் மைலுக்கா வேலை பாக்கறேன்? மாசத்துக்குல்ல பாக்கறேன்" என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் பதினாலு மாசம் இருக்குங்க. மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க."

"மூடியைத் தொடக் கூடாதுன்னியே."

"அப்ப ஓட்டாதீங்க."

மறுநாளே வண்டியைப் போர்வையால் மூடிவிட்டுக் கடைக்கு நடந்து போனார். "அங்க ஏதோ தகராறு. தொரத்தி விட்டுட்டா" என்று சலூனில் கதை அடுத்த அத்தியாயத்துக்குப் போனது. அது லாரி ஓட்டும் மச்சான் காதுவரை போக எத்தனை நேரம் ஆகும்? ஞாயிறு காலையில் தங்கச்சி வாழ்க்கைக்கு நியாயம் கேட்க வந்து நின்றார். வந்த வேகத்தில் போர்வையை உருவி மீட்டரைப் பார்த்தார்.

"கடை இங்கேருந்து ரெண்டு மைலு. இவ்வளவு மைல் எங்க போச்சு மாப்ள?"

கேட்ட கையோடு வண்டியை உதைத்துக் கிளப்பினார். 'டிக் டிக்.' "டாப்பெட் வேற கத்துது. ஸ்பேனரை எடு."

"கைய எடுங்க மச்சான். அது உங்க தங்கச்சி வேலை."

கண்ணாடிக்காரர் அலமாரிக் கதவைத் திறந்து, "மூவாயிரத்துக்கு வந்துடுவேன்னு சொன்னா. அதான் ஓட்டித் தீத்தேன்" என்று காட்டினார். மச்சான் தங்கை எழுத்தை விரலால் தடவிக்கொண்டே படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரி, இந்த ஃபுட்ரெஸ்ட்டு?"

"விமான நிலையத்துல எறங்கினப்போ அவ மடக்கல. நானும் மடக்கல."

மச்சான் வண்டியை அணைத்துவிட்டு, போர்வையை எடுத்து அவரே திரும்பப் போர்த்தினார். அதுவரை வாசலில் சவரக்கத்தியும் கையுமாக நின்றிருந்த சலூன்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப அந்த ரெண்டாவது வீடுண்ணே?"

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்: "ரெண்டாவது வீடாம். இருக்கற ஒரு வீட்டுலயே பாதி ஆளு இல்ல. போய், சோப்புப் போட்டு உக்கார வச்ச ஆளுக்கு மீதிக் கன்னத்தையும் வழிச்சு விடு."