பனிமலையில் பேர் சொல்லாமல் கூப்பிட்டேன்

எனக்கு எழுத வராது. கோயிலுக்குப் பின்னால் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். முன்னே சொல்ல வேண்டியது பின்னே வரும், போன இடங்களின் பேரெல்லாம் பாதி மறந்துபோச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். யாங்கூனில், தாமுவே வட்டாரத்தில் எங்கள் சந்தில் ஆவிகளுக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வைக்காத பர்மிய வீடு கிடையாது, நான் மாரியம்மனைக் கும்பிடுவேன், அதோடு சரி. இப்படிப்பட்ட என்னையே இதை எழுத வைத்துவிட்டது. நீங்கள் நம்பினாலும் சரி, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொன்னாலும் சரி.

எங்கள் மகள் விஜயா நார்வேயில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போன குளிர்காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் அங்கே அழைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் போட்டாதாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல்காரர்கள் ஐஸ் மலை ஐஸ் மலை என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு, சாவதற்குள் ஒரு ஐஸ் மலையைத் தொட்டுப் பார்க்கணும் என்று மகளைப் பிடுங்கி எடுத்தார். அவளும் ஐஸ்லாந்து என்கிற தீவுக்கு நாலு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினாள். ஒரு சின்ன பஸ், எல்லா ஊர்க்காரர்களும் கலந்த ஒரு கூட்டம், யோன் என்று ஒரு வழிகாட்டிப் பையன். தாடி வைத்திருந்தான், நல்ல பிள்ளை.

என் வீட்டுக்காரர் வாய் ஓயாத மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாய் அடைத்துப்போனதுதான் கதையே. ஒரு அருவிக்குக் கூட்டிப்போனார்கள், அதன் சாரல் கண் இமையில் பட்டு அப்படியே உறைகிறது, நான் வாயைப் பிளந்து நிற்கிறேன், இவர் "இந்தத் தண்ணி நம்ம வீட்டுப் பைப்புல வந்தா கரெண்டு வர்றப்ப மோட்டார் போட ஓட வேணாம்டி" என்கிறார். இன்னொரு இடத்தில் தரையெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, எரிமலை கக்கியதாம், பூமிக்குள்ளிருந்து புகைபுகையாக ஆவி வருகிறது, அழுகிய முட்டை நாற்றம். "பூமிக்கு வயித்துக் கோளாறு, ஓமத்தண்ணி குடு" என்றார். விஜயா அதை இங்கிலீஷில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நான் கால்சட்டைக்கு மேலே என் லுங்கியைச் சுற்றிக்கொண்டிருந்ததால் ஒரு வெள்ளைக்காரப் பெண் போட்டோ வேறு எடுத்தாள், எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் பனிமலை. மலை என்றால் மலை இல்லை, ஆறு ஒன்று ஓடிக்கொண்டே உறைந்துபோனது மாதிரி. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் கட்டிவிட்டார்கள், ஒவ்வொரு அடிக்கும் நறுக் நறுக் என்று கடிக்கும். யோன் தான் கால் வைத்த இடத்திலேயே எல்லோரும் கால் வைக்கணும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனான். இவர் கேட்டால்தானே. பக்கத்தில் ஒரு வெடிப்பு, உள்ளே நீலமாக, அப்படி ஒரு நீலத்தை நான் துணியில்கூடப் பார்த்ததில்லை. "இங்க பாரேன்" என்று இரண்டு எட்டு விலகினார், அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

நான் கத்தினேனா இல்லையா என்று நினைவில்லை. யோன் கயிற்றைப் போட்டு இறங்கி, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து, சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டார்கள். ஆழம் அதிகமில்லை, ஒரு ஆள் உயரம்தான். மேலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வாயில் பேச்சில்லை. அவரைத் தள்ளி உட்காரவைத்துக் கம்பளியைச் சுற்றி, சூடாக எதையோ குடிக்கக் கொடுத்தார்கள். விஜயா "அப்பா, அப்பா" என்கிறாள், அவளைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறார்.

இங்கே பர்மாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பயந்துபோனால் அவருடைய லெய்ப்பியா பறந்துபோய்விடும் என்பார்கள். லெய்ப்பியா என்றால் வண்ணத்துப்பூச்சி, மனுஷனுக்குள் இருக்கிற உயிருக்கும் அதே பேர்தான். ஆள் விழுந்த இடத்துக்கே போய், பேர் சொல்லி மூன்று தரம் "வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டுக் கூட்டி வரணும், இல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். நம் தமிழ்ப் பெண்களும் செய்வார்கள். விஜயா சின்னப் பிள்ளையில் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்தபோது நானும் செய்தேன். நம்பிச் செய்வது என்று இல்லை, நெற்றியில் திருநீறு பூசுகிற மாதிரி ஒரு பழக்கம். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில்தான் யாரும் பார்க்காதபோது அந்த வெடிப்போரம் போய்க் குனிந்து நின்றேன்.

நின்ற பிறகுதான் சங்கடம். இவர் பேரை நான் எப்படிச் சொல்வது? கட்டின நாளிலிருந்து சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா வாயில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. வட்டார ஆபீஸில் கேட்டால் ஊ டின் மாங் என்பேன், அது அவருக்குக் காகிதத்தில் இருக்கிற பர்மியப் பேர், அது நாக்கில் ஒட்டாது. சொந்தப் பேர் தொண்டை வரைக்கும் வந்தது, வாயைத் தாண்டவில்லை. அதனால் எப்போதும் போல, "என்னங்க, வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

திரும்பி நடக்கிறேன், எனக்குப் பின்னால் நறுக் நறுக் என்று இரும்புப் பல் சத்தம் வருகிறது. நான் நின்றால் நிற்கிறது. பார்த்தால் வெறும் பனி. எல்லோரும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள். என் காலடி திரும்பக் கேட்கிறது என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன். பஸ்ஸில் யோன் தலைகளை எண்ணினான், மறுபடி எண்ணினான், தாடியைச் சொறிந்தான். "என்னம்மா, ஒரு ஆள் ஜாஸ்தியா வருதாம், பாவம், அவனும் பயந்துட்டான்" என்று விஜயா சொன்னாள். நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்தார்கள், மண்டையில் ஒன்றுமில்லை, அதிர்ச்சிதான், சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. யாங்கூனுக்குத் திரும்பிக் கொண்டுவந்தேன். நாற்காலியில் உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பார். டீக்கடைக் கூட்டாளிகள் வந்து பழைய கேலியெல்லாம் பேசிப் பார்த்தார்கள், யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுங்குவதையும் நிறுத்தினார். கஞ்சியை ஊட்டினால் கடைவாயில் வழியும். தோளெலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டது. விஜயா போனில் அழுதாள், "அம்மா, மூக்குல டியூப் வைக்கணும், இல்லன்னா அப்பா தாங்க மாட்டாரு." எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள், நான் வாய் திறந்து பேசுவதே அவரிடம் மட்டும்தான்.

சந்து முனையில் மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், விற்கிற பர்மியக்காரம்மா டோ கின் அன்றைக்குப் பார்க்க வந்தார். என்னை அமா என்பார், பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விழுந்த இடத்துல கூப்பிட்டீங்களா அமா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டேனே."

"பேர் சொல்லி?"

நான் தலையைக் குனிந்தேன். "எப்படிக் கூப்பிட்டீங்க, சொல்லுங்க" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, வாங்கன்னா யாருக்குத் தெரியும் யாரைன்னு? அங்க யார் நின்னாங்களோ அவங்கல்ல கிளம்பி வருவாங்க! இவரு பாட்டுக்கு அங்கயே காத்துக்கிட்டிருப்பாரு, பெண்டாட்டி கூப்பிடலையேன்னு."

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் கடைவாயில் வழிகிற கஞ்சியைத் துடைத்துக்கொண்டு நம்பவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. மறுபடி அவ்வளவு தூரம் எப்படிப் போவது? டோ கின்தான் போனைக் காட்டி, "இதுல சத்தம் போகாதா?" என்றார். விஜயாவிடம் யோன் நம்பர் இருந்தது. "அம்மா, வெள்ளைக்காரன்கிட்ட இதை எப்படிம்மா கேக்குறது" என்று முதலில் குதித்தாள். பிறகு கேட்டாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லையாம். அன்றிலிருந்து தனக்கும் தூக்கம் சரியில்லை, கூட்டத்தோடு அங்கே போகும்போது போன் செய்கிறேன் என்றானாம்.

செய்தான். அங்கே காலை, இங்கே சாயங்காலம், கரெண்டு போயிருந்தது. சந்துக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் வாசலில். இவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். போனில் அந்த நீலம் தெரிகிறது, யோன் போனை வெடிப்புக்குள் நீட்டிப் பிடித்திருக்கிறான், பின்னால் அவனுடைய கூட்டம் முழுக்க நிற்கிறது. விஜயாவும் அவள் ஊரிலிருந்து போனில் இருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. முதலில் "ஊ டின் மாங்" என்று கூப்பிட்டேன். இவரிடம் ஒரு அசைவில்லை.

"அது ஆபீஸுக்குப் பேரு! பெத்தவ வெச்ச பேரைச் சொல்லுங்க" என்றார் டோ கின்.

கண்ணை மூடி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"என் வீட்டுப் பூனைகூட இதுக்குத் திரும்பாது. அமா, உங்களுக்கு வெட்கம் வேணுமா, புருஷன் வேணுமா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். "வீராசாமி!" என்று கத்தினேன். "வீராசாமி! வா! வீட்டுக்குப் போவோம்!" வா என்றே சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது. மூன்றாம் தரம் கத்தும்போது குரல் உடைந்து அழுகையாகப் போனது.

போனில் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு எனக்குப் பக்கத்தில் ஒருவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"ஏன்டி, பேரைச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு வந்துட்டியா? மானத்தை வாங்குறியே."

சந்தே கத்தியது. விஜயா போனில் விக்கி விக்கி அழுகிறாள். அந்தப் பனியில் நின்ற கூட்டம், என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டியது. அவர் முதலில் கேட்டது ஒரு கிண்ணம் மொஹிங்கா. மீன் குறைவு என்று டோ கின்னிடமே சண்டை பிடித்தார். விழுந்த பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை, குளிராக இருந்தது, நீ வருவாய் என்று நின்றிருந்தேன் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, பழைய வாய்ப்பழக்கத்தில் அடுப்படியிலிருந்து "என்னங்க, காப்பி ஆறுது" என்றேன். உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட்டது. ஆள் எழுந்து நடந்து வந்து கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பது கேட்டது. திரைக்குக் கீழே கால் தெரியவில்லை. வாசலில் இவர் குரல், டீக்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பி வருகிறார். நான் கரண்டியைப் போட்டுவிட்டேன். மெய்யாகவே சொல்கிறேன், என் வீட்டுக்காரர் ஒரு நாளும் முதல் கூப்பாட்டுக்கே எழுந்து வந்தவரில்லை. திரைக்குப் பின்னால் நின்றது அவராக இருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பரீட்சை பண்ணுவது மாதிரி பிறகும் இரண்டொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் எழுந்து வந்தது. அதிலிருந்து இவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், கோயிலில்கூட. பெண்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், கிழவிக்கு வயசு போன காலத்தில் திமிர் என்கிறார்கள். இவருக்கு விஷயம் தெரியாது, வெளிநாடு போய் வந்த கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டோ கின்னிடம் கேட்டேன், அந்த இன்னொருத்தரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று. அவர் உடனே சொன்னார், கூப்பிடுகிறதுக்கும் அனுப்புகிறதுக்கும் ஒரே வழிதான், பேரைச் சொல்லணும். அந்த ஆளின் பேர் யாருக்குத் தெரியும்?

விஜயா, நான் எழுதியதில் ஊர் பேர், நாள் எல்லாம் தப்பு இருந்தால் திருத்து. அதோடு அந்த யோன் பிள்ளையிடம் ஒன்று விசாரித்துச் சொல், படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனாலும் விசாரியுங்கள். அந்தப் பனிமலையில் எந்தக் காலத்திலாவது ஒரு ஆண்பிள்ளை காணாமல் போயிருக்கிறாரா, வயசானவரா, சின்ன வயசா, அவருக்குப் பெண்டாட்டி இருந்தாளா. இருந்தால் அவளை எப்படியாவது தேடிப் பிடியுங்கள். அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவளாகத்தான் இருப்பாள். நான் அவளுக்குப் போன் போட்டு, திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன்.