நூறு வருசம் கூட்டியவர்

திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். எங்கள் வம்சாவளியை எக்செலில் ஏற்றித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்திருந்தேன். எண்ணெய் வழியும் முகம். சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்து, கீபோர்டு இடுக்கு அழுக்கை அதனால் கிளறியபடியே பேசுவார்.

பிரிண்ட் வந்தது. அதில் என் பூட்டன் எனக்குப் பிறகு பிறந்திருந்தார்.

"என்னங்க இது?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முந்துனத எக்செல் தேதியாவே எடுக்க மாட்டேங்குது சார். வயசுக் கணக்கு வரல. அதான் அதுக்கு முந்திப் பொறந்த அம்புட்டுப் பேருக்கும் நூறு வருசம் கூட்டிட்டேன்."

பூட்டனின் தங்கை, பிறந்த அன்றே இறந்தவள், அதில் இல்லவே இல்லை. பங்குக் கோயிலின் பழைய அடக்கப் பதிவேட்டில் அப்பா தேடிக் கண்டெடுத்த குழந்தை அது.

"அதுவா? வயசு சைபர்னு வந்துச்சு. பாக்க நல்லால்ல, தூக்கிட்டேன்."

"தேதிய வெறும் எழுத்தா அடிங்க. அந்தப் புள்ளையும் வரணும்" என்றேன். முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் திருத்தி அடித்தவர், கடைசியில் திரும்பினார்.

"பாப்பாவுக்குப் பேரு என்ன சார்?"

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு."

"அப்ப ரோஸின்னு போட்டுரவா?"

வேண்டாம் என்று அதட்டி, பெயரில்லாமலே பிரிண்ட் எடுக்க வைத்து, தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினேன். அப்படிக் கேட்டது அந்தக் குழந்தைக்காகவா, கட்டம் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதற்காகவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.