பிளாப்பிக்குக் குத்திய சீல்

எண்பதுகளின் கடைசியில் கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். தாளாளரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார். உடனே அதற்கு ஏசி, மேலே பூப்போட்ட துணி, வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று போர்டு. நாங்கள் ஒரு ஃபேன் கேட்டு எத்தனையோ கோடை போயிருந்தது.

மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை அதில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக எதுவும் ஞாபகம் இருக்காது, அந்த விஷயத்தில் தாளாளர் மாதிரியே. எல்லாவற்றையும் பிளாப்பியில்தான் போடவேண்டும். கறுப்பாக, சதுரமாக, மெல்லிசாக ஒரு தட்டு. ஏற்றி முடித்ததும், இன்னொரு பிளாப்பியிலும் போட்டு வைக்கலாம் என்றேன்.

“ஒண்ணுக்கு ரெண்டா எதுக்கும்மா? பத்திரமா வச்சா ஒண்ணே போதும்ல?” என்ற தாளாளர், இடத்தை அடைக்கிறதென்று பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்.

கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும் தாளாளருக்குச் சந்தேகம் வந்தது. “கையெழுத்தும் சீலும் இல்லாம இது எப்படிம்மா ரெக்கார்டு ஆகும்?” நான் தடுப்பதற்குள் பிளாப்பிமேல் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் ‘உண்மை நகல்’ என்று பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினார். கீழே பச்சையில் கையெழுத்து. பெரிய அதிகாரிகள் போடும் பச்சை மைக்கு அவருக்கு உரிமை கிடையாது, ஆசை உண்டு. ‘டொம்’மென்று சீல். அத்தோடு விட்டாரா மனுஷன்? குண்டூசி குத்தி ஃபைலில் சேர்த்தார். ஐயோ சாமி! அப்புறம் பெட்டிக்குள் போட்டால் கர் கர் என்று சத்தம்தான் வந்தது, ஒரு பெயர்கூட வரவில்லை.

சில நாளில் எழுமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள், எங்களிடம் படித்தவள். மறுநாள் சத்துணவு வேலைக்கு நேர்காணல். வீட்டிலிருந்த சர்ட்டிபிகேட் மழையில் ஊறிப்போனதாம். “பொறந்த தேதிக்கு ஸ்கூல் அத்தாட்சி வேணும்னு சொல்லிட்டாகக்கா. இத விட்டா எனக்கு வயசு தாண்டிரும்.”

அவளைத் தாளாளரிடம் கூட்டிப்போனேன். அவர் அசரவில்லை. ‘இவர் கூறும் பிறந்த தேதி இந்தப் பிளாப்பியில் உள்ளபடி சரியே’ என்று என்னையே அடிக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தைப் பிளாப்பியோடு சேர்த்து இன்னொரு குண்டூசி குத்தினார்.

“சார், அதுல ஒண்ணுமே வரலயே!”

“சீல் தெளிவா இருக்குல்ல?”

ஒன்றுக்கும் உதவாத தட்டைக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டோம் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் பலகாரப் பொட்டலத்தோடு வந்து நின்றாள், வேலை கிடைத்துவிட்டதாம்!

“பிளாப்பிய எதுல போட்டுப் பாத்தாக?” என்றேன்.

“எதுலயும் போடலக்கா. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு சீலப் பாத்தாக, டிக் போட்டுட்டாக.” கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள். “எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு, அவுக ஸ்கூல் பதிவேட்டுல இருந்து எழுதி வாங்கிட்டு வந்திருந்துச்சு. சீல் மங்கலா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாக. அழுதுக்கிட்டே போச்சுக்கா.”