சாதுவான கினி பிக்

மகள் கேட்டது நாய்க்குட்டி. செவிலிமேட்டில் நாங்கள் இருப்பது வாடகை மாடி. நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டு ஓனர் முகம் மாறிவிட்டது. பூனை என்றால் என் மனைவிக்குத் தும்மல். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் கடைசியில், வாலில்லாத குட்டி முயல் மாதிரி இருக்கும் கினி பிக் என்று இறங்கி வந்தாள். குரைக்காது, மாடி ஏறி ஓடாது, கீரை தின்னும். மூவரும் ஒத்துக்கொண்டோம்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. முடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். ஒரு கினி பிக் என்னைத் தாண்டிப் போய்விடுமா என்று நினைத்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோவாகப் பார்த்தேன். கண் பளிச்சென்று இருக்க வேண்டும், மூக்கு ஒழுகக் கூடாது, பல் நேராக இருக்க வேண்டும், பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும், மூச்சில் சத்தம் கூடாது. பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் முதல் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கடைக்குப் போனோம். கடை முழுக்க மீன் தொட்டிகள். ஓரத்தில் ஒரு கூண்டில் கினி பிக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை எடுத்தேன்.

முதலில் தூக்கியதற்குக் காதுக்குப் பின்னால் முடி இல்லை. சொட்டை. ஒதுக்கினேன். அடுத்ததற்கும் சொட்டை. மூன்றாவதற்கும். சொறி பிடித்ததையெல்லாம் விற்கிறீர்களா என்று கடைக்காரரிடம் குரலை உயர்த்திக் கேட்டேன். மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்வதற்குள் மகள் என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, எல்லா கினி பிக்குக்கும் அந்த எடத்துல முடி இருக்காதுபா. அதான் நார்மல். நீ அந்த வீடியோவ முழுசா பார்க்கல."

உண்மைதான். வீடியோவில் அந்தக் கட்டம் வருவதற்குள் பஸ் என் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

பட்ட அவமானத்தைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. கூண்டின் மூலையில் பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. மற்றவை என் கையைக் கண்டு சிதறி ஓட, அது மட்டும் அசையவில்லை. தூக்கினால் உள்ளங்கையில் அப்படியே அடங்கிவிட்டது. கண்ணைப் பாதி மூடி என்னைப் பார்த்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பணிவாக இருந்ததில்லை. பார்க்க வேண்டிய கண், மூக்கு, மூச்சு எல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயின.

என் மனைவி வீட்டிலிருந்து கொத்தமல்லித் தழை கொண்டுவந்திருந்தாள். கூண்டுக்குள் நீட்டியதும் மற்றவை முட்டி மோதிக்கொண்டு வந்தன. என் கையிலிருந்ததன் மூக்கருகே காட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது சாதுவா இருக்குதா, ஒடம்பு முடியாம இருக்குதான்னு ஒரு தபா பாத்துக்கங்க. முடியெல்லாம் சிலுத்துக்கினு இருக்குது," என்றாள்.

"நல்ல குணம்மா இதுக்கு. அலையாத ஜீவன்," என்றேன்.

அவள் மீதித் தழையைக் கூண்டுக்குள் போட்டுவிட்டாள். கடையில் நாலு பேர் முன்னால் என்னை இன்னொரு முறை திருத்த வேண்டாம் என்று விட்டிருப்பாள். அதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அது எதையும் தொடவில்லை. புல், வெள்ளரிக்காய், கேரட் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மூக்கில் நீர் வடிந்தது. மகள் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேரட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கி அதன் மூக்கருகே நீட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை மகளுக்கும் எனக்கும் லீவு சொல்லிவிட்டு, செருப்பு வாங்கிய டப்பாவில் ஓட்டை போட்டு, அதில் துணி விரித்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் செருப்பு டப்பாவோடு நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் தென்னேரியிலிருந்து கன்றுக்குட்டியை வேனில் ஏற்றிவந்த ஒரு அம்மா. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, எலியா? எலிக்கெல்லாம் ஊசி போட்றாங்களா?"

எலி இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கன்றிடம் திரும்பிவிட்டார். அதுவாவது ம்மா என்று பதில் சொன்னது.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, நெஞ்சில் சளி என்றார். இந்தப் பிராணி சும்மா உட்கார்ந்திருந்தாலே சந்தேகப்பட வேண்டும், ஆரோக்கியமாக இருந்தால் கையில் நிற்காது என்றார். பிறகு, இதை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார். மகள் என்னைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து புகட்டவும், கொய்யாவும் குடைமிளகாயும் கொடுக்கவும் சொன்னார். இது பெண், தனியாக விட்டால் ஏங்கிப்போகும், தேறியதும் இன்னொரு பெண் குட்டியைத் துணைக்கு வாங்குங்கள் என்றார்.

மகள்தான் மருந்து புகட்டினாள். நான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, மருந்தைத் துப்பிவிட்டு என் கட்டைவிரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. மகள் கைதட்டினாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, என் விரலை விட்டுவிட்டு கினி பிக்கைத்தான் முதலில் பார்த்தாள்.

அதன் பிறகு அந்தப் பணிவை நான் பார்க்கவேயில்லை. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் தெருமுனை வரை கேட்கும்படி கத்தும். கீழே இருக்கும் ஓனர் வந்து, நாயே வாங்கியிருக்கலாம் என்றார். என்னைக் கண்டால் கூண்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவதை வாங்கப் போனபோது என்னை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் அம்மாவும் மகளும் வெளியே வந்துவிட்டார்கள். கூண்டில் இருந்ததிலேயே அதிகமாகச் சண்டை போட்டதைக் கேட்டு வாங்கினார்களாம். வரும் வழியெல்லாம் மனைவி மடியில் இருந்த பெட்டிக்குள் அது அலறிக்கொண்டே வந்தது. சிக்னலில் பஸ் ஜன்னலிலிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.