ஆள்காட்டி முட்டையும் ஒரு ரோல் பிலிமும்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. ஓசூருக்கு வெளியே, ஒரு தொழிற்சாலையின் பின்பக்க மதிலை ஒட்டிய ஏரிக்கரையில் நடந்தது இது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அது இப்போது அங்கே இல்லை. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இணையத்தில் பறவைப் படங்களைப் போட்டு, கீழே பத்து வரி எழுதி, சந்தோஷமாகப் பொழுதைப் போக்குகிறேன். அன்றைக்கு அதெல்லாம் ஏது? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். லேத் பட்டறையில் வேலை. கூட வேலை பார்த்தவரிடம் வாங்கிய பழைய கேமரா ஒன்று இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுவேன். ராத்திரி உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுவேன். ஒரு மாதப் பத்திரிகையில் என் கடிதம் மூன்று முறை வந்திருந்தது. மரங்கொத்தியைப் பற்றி எழுதிய ஒரு துணுக்கும் வந்திருந்தது. அந்தத் துணுக்கை வெட்டி, பர்சில் மாதா படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்டதில்லை.

அதற்கு முந்தின ஞாயிறுதான் என் மகளுக்குப் புதுநன்மை. எங்கள் வீட்டில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்றால் கல்யாணத்துக்குச் சமம். வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுதிரி. பீடத்துக்கு முன்னால் அவள் கண்ணை மூடி நின்றதை நானே எடுத்தேன். பதின்மூன்று படம். ரோலில் முப்பத்தாறு எடுக்கலாம். மீதி இருபத்துமூன்றை வீணாக்கிவிட்டுக் கழுவக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பாதி ரோலில் காதுகுத்து இருக்கும், மீதியில் பொங்கல் இருக்கும். மனைவி மட்டும் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஏரிக்கரைச் சரளைக் கல்லுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை வைத்திருந்தது. கல் எது முட்டை எது என்றே தெரியாது. என்னிடம் இருந்த லென்சுக்குக் கிட்டப்போனால்தான் படம் விழும். அதனால் வயிற்றைத் தரையில் வைத்து ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். தாய்ப்பறவை கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எட்டு படம் எடுத்திருப்பேன். திடீரென்று மறுபடியும் கத்திக்கொண்டு பறந்தது.

பின்னால் தொழிற்சாலை வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்பா, இங்க என்னா படுத்துனு கெடக்கற?"

"குருவி படம் எடுக்கறங்க."

"குருவியா? எந்திரி, எந்திரி. ஆபீசர் மேல ஜன்னல்ல இருந்து பாத்துட்டாரு. கூட்டினு வரச் சொல்றாரு."

நான் நின்றது ஏரிக்கரையில். கம்பெனி இடத்தில் இல்லை. போகமாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பட்டறையில் கூப்பிட்டால் போய்ப் பழகிய கால், தானாகப் போனது.

உள்ளே ஒரு அதிகாரி. என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு.

"யார் அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பலிங்க சார். பொழுதுபோக்குக்கு எடுக்கறன்."

"ஒரு மணி நேரமா எங்க காம்பவுண்டுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, பொழுதுபோக்கா?"

அங்கேதான் என் புத்தி கெட்டது. மரியாதை கிடைக்கும் என்று நினைத்து, "நான் பத்திரிகைக்கு எழுதறவன் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பர்சைத் திறந்து அந்தத் துணுக்கை எடுத்து மேசைமேல் விரித்தும் வைத்தேன். இத்தனை நாள் யாரும் கேட்காததை, கேட்காத ஒருவரிடம் நானாகக் காட்டினேன்.

அவர் அதைப் படித்தாரா தெரியாது. கீழே இருந்த பத்திரிகையின் பெயரை மட்டும் பார்த்தார். முகம் மாறியது. "கேமராவைக் கொடுங்க" என்றார். பார்க்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். பின்கதவை நெம்பித் திறந்தார்.

"சார், வெளிச்சம் படக்கூடாது சார்! அதுல என் பொண்ணு புதுநன்மை படம் இருக்குது சார்!"

புதுநன்மை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. "சர்ச்சுல சார், ஒரு தடவதான் சார் வரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பிலிமை முழுதாக உருவினார். ரிப்பன் மாதிரி சுருண்டு சுருண்டு அவர் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோபமாகச் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மேசையைத் துடைக்கிற மாதிரி செய்தார். செய்துவிட்டு, "உட்காருங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார்.

டீ வந்தது. குடித்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. என் பிள்ளையின் படத்தை அழித்தவன் கொடுத்த டீயை, பயத்தில், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.

வாட்ச்மேன்தான் கேட் வரைக்கும் கூட வந்தார். அவருக்கும் மனசு கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"நீ குருவியத்தாண்ணா எடுத்த, எனக்குத் தெரியும். அவங்களுக்குப் பயம் குருவி மேல இல்ல, தண்ணி மேல."

"எந்தத் தண்ணி?"

அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மணி நேரம் அதும் பக்கத்துலயே படுத்துனு கெடந்தியே, உனக்கு மூக்கு இல்லயா? எங்க ஊரு மாடுகூட அதுல வாய வெக்கறதில்ல."

திரும்பி ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். முட்டைக்கு இருபது அடி பின்னால், மதிலுக்கு அடியிலிருந்து ஒரு குழாய். அதிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் சோப்பு நுரை மாதிரி ஒன்று திட்டுத் திட்டாக ஒதுங்கி, நடுவே குட்டி மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. நான் எடுத்த எட்டுப் படத்திலும் அந்தக் குழாய் விழுந்திருக்கும். சத்தியமாக நான் அதைப் பார்க்கவே இல்லை. ஓசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு வாடை வரும். சம்பளம் வருகிற திசையிலிருந்து வரும் வாடையை யார் கேள்வி கேட்பார்கள்? படைத்தவரை வாயாரப் புகழ்ந்துகொண்டே, அவர் படைத்த ஏரி செத்துக்கொண்டிருப்பதன் பக்கத்தில் படுத்து நான் குருவி பார்த்திருக்கிறேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி பொரிந்து தள்ளினாள். "எத்தினி தடவ சொன்னன், ரோலக் குடுத்துடுங்கன்னு! உங்களுக்குக் குருவிதான் வேணும்!" பிறகு அழுதாள். கவுனைத் திரும்பப் போட்டு ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் வாங்கற மாதிரி நடிக்கணுமாப்பா? வேணாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு புது ரோல் போட்டுக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். இந்தத் தடவை படுக்கவில்லை. ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரியட்டும் என்று கரையில் நின்றே எடுத்தேன். குழாய், நுரை, மீன். முப்பத்தாறும் அதுவே. வாட்ச்மேன் தூரத்தில் நின்று பார்த்தார், கிட்ட வரவில்லை. ஆள்காட்டிக் கூட்டில் முட்டை இல்லை. பொரித்துப் போனதா, நாய் தின்றதா, தெரியாது.

கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "என்னாங்க, ஒரு ஆளு மூஞ்சிகூட இல்ல, முழு ரோலும் சாக்கடயா இருக்குது. பிரிண்ட் போடணுமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். நாலு பக்கம் எழுதி, படங்களோடு, என் துணுக்கைப் போட்ட அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். எங்களுக்கு ஏற்றதல்ல என்று திரும்பி வந்தது. மரங்கொத்தி ஏற்றதாம், செத்த மீன் ஏற்றதல்லவாம். அரசாங்க அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். ஒரு நாள் ஜீப் ஒன்று வந்து போனதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஜீப் வந்த அன்று குழாயில் தண்ணீர் வரவில்லையாம்.

அந்த வருடம் முழுக்கப் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்கிற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிடும். பக்கத்தில் மனைவி சொல்லி முடிப்பாள், நான் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவளுடைய பிள்ளையும் புதுநன்மை வாங்கியாயிற்று. அன்றைக்குச் செல்போனில் இருநூறு படம் எடுத்தார்கள். மகள் என்னிடம் வந்து, "அந்த ஆபீசர மன்னிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். பேரப்பிள்ளை படம் எடுக்கக் கூப்பிட, அந்தச் சாக்கில் எழுந்து போய்விட்டேன். யோசித்துப் பார்த்து இப்போது சொல்கிறேன்: உன் படத்தை அழித்தது எனக்குச் செய்தது, அதை மன்னித்துவிட்டேன் அம்மா. அந்தத் தண்ணீருக்குச் செய்ததை மன்னிக்க நான் யார்?